சங்கிலிக்கு உள்ளே

“கையைத் தூக்குங்க. போலீஸ் இல்ல, பயப்படாதீங்க” என்றாள் பால்மா.

சைக்கிளில் வந்திருந்த ஆறு டேனிஷ்காரர்களுக்கும் மொழி புரியவில்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டே கைகளைத் தூக்கினார்கள்.

குதிரை தேய்க்கும் பிரஷ்ஷால் ஒவ்வொருவரின் சட்டையையும் மேலிருந்து கீழாக அடித்துத் தட்டினாள். காலர், இடுப்பு, காலுறை மடிப்பு. அடுத்து சைக்கிள். இருக்கையின் அடிப்பக்கம், பையின் வார்கள், டயரின் பள்ளங்கள்.

காலையிலிருந்து அறுபது கிலோமீட்டர் சரளைப் பாதையில் சேர்ந்த வெள்ளைத் தூசி, மர நிழலில் மெதுவாக இறங்கியது.

“கீழ விழுந்தா என் பூட்ஸுக்குத்தான் இரை” என்று தரையை ஓங்கி மிதித்தாள். டேனிஷ்காரர்கள் கைதட்டினார்கள். ஒருத்தி படம் எடுத்தாள்.

வரிசையின் கடைசியில் பால்மாவின் தம்பி ஒரோன்சோ நின்றிருந்தான். வழிகாட்டி அவன்தான்.

தெற்கே அவனுக்கு நானூறு ஆலிவ் மரங்கள் இருந்தன. ஒரு ஜூன் மாதம் ஒரு கிளையின் நுனி கருகியது. மூன்றாவது ஜூனில் அத்தனையும் விறகு.

நோயைப் பரப்புவது அரிசி அளவுப் பூச்சி. அதுவாக அதிக தூரம் போகாது. சட்டையிலும் வண்டியிலும் ஒட்டிக்கொண்டு ஊர் தாண்டும். நோய்க்கு மருந்து கிடையாது.

மரங்கள் போன பிறகு பாதைகள் மிஞ்சின. டிராக்டர் வராத, லாரி வராத, யாருக்கும் வேலையில்லாத பாதைகள்.

அவற்றில் சைக்கிள் ஓட்ட வெளிநாட்டுக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். எதிரே ஒரு வண்டிகூட வரவில்லையே, என்ன அமைதி என்று ஒவ்வொரு குழுவிலும் யாராவது சொல்வார்கள். ஆமாம் என்பான் ஒரோன்சோ.

பால்மா வாழ்க்கைப்பட்டது வடக்கே, கடலோரச் சமவெளியில். அவளுடைய தோப்பில் இன்னும் எல்லாம் பச்சை. ஆறு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரங்கள் அவை.

தம்பியின் தோப்பு அழிந்த அந்த வருடமே தன் பண்ணைப் பாதையின் குறுக்கே சங்கிலி கட்டிவிட்டாள். கார் கிடையாது, டிராக்டர் கிடையாது. வீட்டை ஆசீர்வதிக்க வந்த பாதிரியாரும் காரை வெளியே விட்டுவிட்டு நடந்துதான் வந்தார். அவருடைய அங்கிக்கும் பிரஷ் உண்டு.

தம்பியின் சைக்கிள்காரர்களுக்கு மட்டும் சங்கிலி அவிழ்ந்தது. அவன் பிழைக்க வேண்டுமே.

டேனிஷ்காரர்கள் முற்றத்துக்குப் போனார்கள். அங்கே தண்ணீரில் நனைத்த வறட்டு ரொட்டியும், தக்காளியும், அவள் தோப்பு எண்ணெயும் காத்திருந்தன.

“வாடா, உன் முறை” என்றாள். “உன் சட்டை எப்பவும் மத்தவங்கள விட அழுக்கு. வழிகாட்டியா, வழியைக் கூட்டுறவனா?”

ஒரோன்சோ சிரிக்கவில்லை. அவள் அவன் தோளைப் பிடித்துத் திருப்பி, முதுகைத் தட்டத் தொடங்கினாள்.

“ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு” என்றாள், பிரஷ்ஷை நிறுத்தாமல். “ஒண்ணு போச்சாம்.”

சென்ற மாதம் அதிகாரிகள் அவள் தோப்பில் பன்னிரண்டு மரங்களிலிருந்து நோய்ச் சோதனைக்காகச் சுள்ளி ஒடித்துக்கொண்டு போயிருந்தார்கள். பால்மாவுக்கு மின்னஞ்சல் கிடையாது. தம்பியின் முகவரியைத்தான் கொடுத்திருந்தாள்.

முடிவை அவன் காலை பதினொரு மணிக்கே படித்துவிட்டான். குன்றின் விளிம்பில், கடல் முதன்முதலாகக் கண்ணில் படும் வளைவில். மற்றவர்கள் கடலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நோய் கண்ட மரத்தையும், சுற்றிலும் ஐம்பது மீட்டருக்குள் இருப்பவற்றையும் வெட்டுவார்கள். அதற்கப்புறம் அடுத்த சுள்ளி, அடுத்த வட்டம். எப்படிப் போகும் என்று அவனுக்குத் தெரியும்.

“தெற்கு எல்லைல இருக்கும்” என்றாள். “அந்தப் பக்கத்துக்காரன் புல்லே வெட்டுறதில்ல. சோம்பேறி நாய். நான் இங்க நாயா காவல் காக்குறேன், அவன் பூச்சி வளக்கிறான். உனக்கு விவரம் அனுப்பியிருக்காங்களாமே. எல்லைதானே?”

குரல் உறுதியாகத்தான் இருந்தது. முதுகில் பிரஷ் மட்டும் ஒரே இடத்தில் போய்வந்தது.

எல்லை இல்லை.

மூன்று கோடைகளுக்கு முன், முதல் குழுவை அவன் கூட்டி வந்த அன்று, பால்மா சங்கிலிக்கு வெளியே, நடுப்பாதையில் நின்றுதான் பிரஷ் பிடித்தாள். நல்ல வெயில். ஒரு கிழவர் தள்ளாடி உட்கார்ந்துவிட்டார். வீடு தேடி வந்தவர்களை வெயிலில் நிறுத்துவதா என்று அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுவாரம் சங்கிலிக்கு உள்ளே பத்தடி தள்ளி, முதல் மரத்தின் நிழலுக்கு எல்லோரையும் கூப்பிட்டாள்.

அன்றிலிருந்து கோடைதோறும், வாரம் இரண்டு குழு. கூட்டி வந்தவன் அவன். தட்டியவள் அவள்.

அதிகாரிகள் அனுப்பிய படத்தில் சிவப்பு வட்டமிட்டிருந்த மரத்தின் கீழேதான் இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

வெட்டவேண்டிய மரங்களில் குறியிட ஆட்கள் வர இன்னும் பத்து நாள் இருந்தது.

“எல்லைதான் அக்கா” என்றான் ஒரோன்சோ.

“நான் சொல்லல?” என்றாள் பால்மா. ஏதோ ஜெயித்துவிட்டவள்போல மூச்சை விட்டாள். பிரஷ்ஷில் சிக்கியிருந்த தூசி போக, அதை அடிமரத்தில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டி உதறினாள்.