புரட்டிப் போட்ட வீடு

சந்தின் வாயை மறைத்திருந்த படுதாவை மேஸ்திரி அவிழ்த்ததும் இடமும் வலமும் மாறி மாறிப் பார்த்தேன்.

இரண்டு புது வீடுகள். நடுவில் நாலடிச் சந்து. இந்தப் பக்கம் அண்ணன் வீட்டுச் சமையலறை ஜன்னல். அந்தப் பக்கம் தம்பி வீட்டுச் சமையலறை ஜன்னல். இரண்டும் நேருக்கு நேர்.

அடிப்பாவி, என்ன காரியம் பண்ணி வைத்திருக்கிறாய் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

அண்ணனும் தம்பியும் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. அப்பாவின் மனையைச் சத்தமில்லாமல் பாதியாகப் பிரித்துக்கொண்டவர்கள், அவருடைய ஓட்டை சைக்கிள் யாருக்கு என்பதில் அடித்துக்கொண்டார்கள். எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது இருவரும் போட்ட நிபந்தனை ஒன்றேதான்: அந்தப் பக்கம் பார்த்து எனக்கு ஜன்னல் கூடாது.

கட்டடங்களை வரைவது என் வேலை. ஆர்க்கிடெக்ட் காற்றில் கையை வீசி, "இங்க ஒரு வெளிச்சம் வரணும்" என்பார். அந்த வெளிச்சம் எத்தனை அங்குலம், எந்தச் சுவரில், எந்த உயரத்தில் என்று தாளில் இறக்கி வைப்பவள் நான்.

ஒரு வீட்டை வரைந்து, கண்ணாடியில் தெரிவதுபோலக் கணினியில் புரட்டினால் இரண்டாவது வீடு தயார். சமையலறைகள் ஆளுக்கொரு கோடிக்குப் போய்விடும். நானும் புரட்டினேன். இடது மனைக்குப் போகவேண்டிய வீட்டை வலது மனைக்கும், வலதை இடதுக்கும் அனுப்பிவிட்டேன், அவ்வளவுதான்!

வழக்கமாக இரண்டு வீட்டையும் ஒரே தாளில் காட்டுவோம். பச்சைக் குழந்தைகூடக் கண்டுபிடித்திருக்கும். ஆனால் இவர்கள்தான், "என் தாள்ல அந்த வீடு வரவே கூடாது" என்று சொல்லிவிட்டார்களே. ஆளுக்கொரு தாள். பக்கத்து வீடு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை.

கட்டும்போதாவது வந்து பார்த்தார்களா? அவன் வருகிற இடத்துக்கு நான் வரமாட்டேன் என்று அண்ணன். அவர் வருகிற இடத்துக்கு நான் வரமாட்டேன் என்று தம்பி. அலுவலக நாற்காலியை விட்டு நகராத நானும் இன்றுதான் வருகிறேன்.

டிராயிங்கின் மூலையில் மூன்று கட்டங்கள் உண்டு. வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர். வீடு நன்றாக வந்தால் மூன்றாம் கட்டத்துக்குக் கைதட்டல். சொதப்பினால் முதல் கட்டத்துக்கு உதை. நாலு வருஷமாக முதல் கட்டத்திலேயே குடியிருந்த என் பெயர், இந்த வேலையில்தான் இரண்டாவதிலும் ஏறியது. இன்று ஒப்படைப்புப் படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டால் அந்தக் கட்டம் எனக்கு நிரந்தரம். போடாவிட்டால் ஆயுசுக்கும் கக்கூஸ் குழாய் வரையவேண்டியதுதான்.

அண்ணன் தன் சமையலறைக்குள் போனார். தம்பி தன் சமையலறைக்குள் போனார். பின்னாலேயே அவரவர் மனைவி. நான் படிவத்தை அணைத்துக்கொண்டு சந்தின் நடுவில் நின்றேன்.

"யாரு வரைஞ்சது இது?" அண்ணன் போட்ட சத்தத்தில் சந்தே அதிர்ந்தது.

"அதையேதான் நானும் கேக்கறேன்!" என்றார் தம்பி, என்னிடம்.

"நான்தான் சார்." கையைத் தூக்கினேன். "நாளைக்கே செங்கல் வச்சு அடைச்சுக் குடுத்துடறேன்."

"வேண்டாம்!"

இரண்டு ஜன்னலிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது. இருவரும் திடுக்கிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உடனே கூரையைப் பார்த்தார்கள்.

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "நான் எதுக்கு அடைக்கணும்? மொதல்ல அவன அடைக்கச் சொல்லு."

"அவரு அடைச்சா நான் அடைக்கிறேன். சொல்லும்மா அவர்கிட்ட."

நாலடி தூரத்துக்கு நான் ஒரு தபால்காரி! பயத்தில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க அடக்க மூக்கு வழியாக வந்தது.

"போட்டுட்டு வாங்க, சமைக்கிற எடத்துல காத்து வேணாமா?" என்று அண்ணனிடம் பேனாவை நீட்டினார் அவர் மனைவி. நான் நீட்டிய படிவத்தில் அண்ணன் கையெழுத்துப் போட்டார். தம்பி மனைவி பையைக் குடைந்து பேனா தேடினார், கிடைக்கவில்லை. என் மூக்குக்கு முன்னால் ஒரு கை நீண்டது, எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கை நீண்டது. அதே பேனா சந்தைத் தாண்டிப் போனது.

தம்பியும் போட்டார்.

சந்தின் முனைக்கு ஓடி, யாரும் பார்க்காத இடத்தில் இரண்டு குதி குதித்தேன். மேஸ்திரி பார்த்துவிட்டார். பார்த்தால் பார்க்கட்டும்.

"தலை தப்பிச்சுது மேஸ்திரி! நல்லவேளை, பாதி கட்டினப்போ யார் கண்ணுலயும் படல."

அவர் படுதாவை மடித்துக்கொண்டே சொன்னார். "சுவரு இடுப்பு உயரம் வந்தப்பவே எனக்குத் தெரியும்மா. உங்களுக்குப் போன் போடறதுக்குள்ள, தனியா இங்க வந்து, 'அந்த ஜன்னல் அப்படியே இருக்கட்டும் மேஸ்திரி, எங்க வீட்ல யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க'ன்னு கேட்டுட்டுப் போனாங்க. அதான் விட்டுட்டேன்."

"யாரு? பெரியவர் வீட்டு அம்மாவா, சின்னவர் வீட்டு அம்மாவா?"

மேஸ்திரி இரண்டு வீட்டையும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நாலு பேரும். ஆளுக்கு ஒரு நாள்."