ஒட்டிக்கொண்ட மட்டி

வேலாயுதம் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து ஏழு வருடமாகிறது. தெருவில் அவனுக்கு 'மட்டி' என்றுதான் பெயர். அது அவனுக்குத் தெரியாதென்று தெரு நம்பிக்கொண்டிருந்தது. அன்று காலை ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று தெருவைக் கடந்தது. "வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட மட்டியைக் கண்டால் உடனே அகற்றிவிடுங்கள்!" குளியலறையில் இருந்தவன் காதில் அவ்வளவுதான் விழுந்தது. தலை துவட்டாமல் ஓடிவந்து பெட்டியில் சட்டைகளைத் திணித்தான். போக இடம் ஏது என்பதெல்லாம் அப்புறம். வண்டி வைத்தா சொல்வது?

"எங்க மாப்ளே கிளம்பிட்டீங்க?" என்று மாமனார் வந்து நின்றார்.

"அதான் ஊருக்கே சொல்லிட்டீங்களே மாமா."

ஒலிபெருக்கி அறிவிப்பைத்தான் சொல்கிறான் என்று அவர் எடுத்துக்கொண்டார். கையிலிருந்த குழாய்த் துண்டை நீட்டினார். உள்ளே நகக்கண் அளவுச் சிப்பிகள் அடை அடையாக இருந்தன. "இந்த மட்டியைத்தான் சொல்லிட்டுப் போறான். வெளிநாட்டுச் சிப்பியாம், ஏதோ படகுல ஒட்டிக்கிட்டு நம்ம ஏரிக்கு வந்துடுச்சாம். தண்ணிக் குழாயெல்லாம் அடைச்சுக் கிடக்கு. வாங்க, சுரண்டணும்."

வேலாயுதம் பெட்டியைக் கட்டிலுக்கடியில் காலால் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தான். இருவரும் வெகுநேரம் சுரண்டினார்கள்.

"என்னமா ஒட்டியிருக்கு பாருங்க!" என்றார் மாமனார்.

"ஒட்டிக்கிட்டா லேசுல வராது மாமா" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னான் வேலாயுதம்.