ஆறு மில்லிகிராம்

மருந்தாளுநர் பயிற்சியின் நான்காம் மாதம். அதுவரை மருந்துச் சீட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நிலோபர், அன்றுதான் முதன்முறையாக ஒரு நோயாளியின் கட்டிலருகே நின்றாள். மீன் விற்கும் லூர்தம்மாளின் இதயம் நிமிடத்துக்கு இருநூறு முறை துடித்துக்கொண்டிருந்தது.

"துடிப்பை அடக்குற மருந்து எவ்வளவு போடலாம்?" டாக்டர் நிலோபரைத்தான் கேட்டார்.

"ஆறு மில்லிகிராம் சார். சட்டுனு ஏத்தணும்." குரலைத் தாழ்த்தினாள். "இதயம் சில நொடி நின்னுட்டுத்தான் திரும்பும்."

அவள் சொன்னபடியே மருந்து ஏறியது. துடிப்பைக் காட்டும் திரையில் கோடு நேரானது. புத்தகத்தில் ஒரே வரியாகப் படித்திருந்த அந்த நொடிகளை நிலோபர் மூச்சுவிடாமல் எண்ணினாள். ஐந்தாவதில் ஒரு துடிப்பு எழுந்தது. பிறகு, நிதானமாக, இன்னொன்று.

லூர்தம்மாள் கண் திறந்து அவள் கையைப் பிடித்தாள்.

"நான் எங்க தாயி போயிட்டு வந்தேன்?"

நிலோபர் லூர்தம்மாளின் மணிக்கட்டில் விரல் வைத்துத் துடிப்பை எண்ணியபடி நின்றாள்.