இன்ஜின் அணைக்காத கார்

மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகும் அவர்களுடைய காரின் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"சின்ன மகளுக்கு கார்ல வந்தது ஒத்துக்கல, தலை சுத்துதுங்குறா. ஏர்கோன்ல இருக்கட்டும்," என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அவர்களுடைய மஸ்ஜித் தானாவிலிருந்து செங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அப்படியொன்றும் தூரமில்லை.

முப்பத்து நான்கு வயதில் எனக்கு வந்த நான்காவது வரன் இது. முதல் மூன்றும் ஏன் தட்டிப்போயின என்று எங்கள் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.

மாப்பிள்ளை யுவனேஸ்வரன் நல்ல மாதிரியாகத் தெரிந்தார். அம்மா கறிப்பாப் பலகாரத் தட்டை நீட்டியபோது எழுந்து நின்று எடுத்துக்கொண்டார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

"மகன் சிங்கப்பூர்ல வேலை செய்யிறான். லீவு கெடைக்கல," என்று அம்மா அவர்களிடம் சொன்னார். அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஒரு குவளை மைலோவை எடுத்துக்கொண்டு காருக்குப் போனேன்.

கண்ணாடி கொஞ்சமாக இறங்கியது. தலை சுற்றுகிற பெண்ணுக்குப் பட்டுப் புடவை, கை நிறைய வளையல், கொண்டை நிறைய மல்லிகை. பார்த்துப் பார்த்து உடுத்தியிருந்தாள்.

இரண்டு கால்களும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தன. உதடு காய்ந்து வெடித்திருந்தது. குவளையை வாங்கிய கை நடுங்கி, மைலோ புடவையில் சிந்தியது.

அந்தக் கால்களையும் அந்தக் கையையும் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மனநோய்க்கு மாத ஊசி போட்ட வாரத்தில் இப்படித்தான் இருக்கும்.

"அண்ணி, நா உள்ள வரலாமா?"

அதற்குள் என்னை அண்ணியாக்கிவிட்டாள்.

"இரும்மா, வந்து கூப்புடுறேன்," என்றேன். அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

சமையலறையில் அம்மாவிடம் இந்த இடம் வேண்டாம் என்றேன். காரணத்தையும் சொன்னேன். என்னால் முடியாதும்மா, இதற்கு மேல் தாங்காது என்றேன்.

ஜாதகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று அப்பா அவர்களை வழியனுப்பி வைத்தார். கார் திரும்பும்போது அந்தப் பெண் கண்ணாடிக்குள்ளிருந்து எனக்குக் கையசைத்தாள்.

அம்மாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. எச்சில் தட்டுகளை அள்ளி சிங்கில் போட்டார்.

"எவ்ளோ நெஞ்சழுத்தம் லா இவங்களுக்கு. பெத்த பொண்ண காடிக்குள்ள ஒளிச்சு வச்சுட்டு சம்பந்தம் பேச வராங்க. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"ஆமாம்மா," என்றேன்.

பிறகு, மத்தியானத்திலிருந்து டுரியான் துங்கால் பக்கம் காரில் சுற்றிக்கொண்டிருந்த சித்தப்பாவுக்குப் போன் செய்தேன்.

"அவங்க போயிட்டாங்க சித்தப்பா. அண்ணன வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க."