கோணல் மூக்குப் பென்குயின்

"பெரியவங்க கை படக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே சார்!"

மழலையர் பள்ளி மிஸ் பனிக்கரடிப் பொம்மையைத் தூக்கிப் பிடித்தார். பேப்பர் தட்டின் மேல் பஞ்சு அச்சில் வார்த்த மாதிரி ஒட்டியிருந்தது. காது இரண்டும் ஒரே அளவு.

இன்ஜினியர் அப்பா திருதிருவென விழித்தார். குளிர்கால விலங்குக் கண்காட்சிக்கு ஆளுக்கு இரண்டு பொம்மை, அதைக் குழந்தைகளே செய்ய வேண்டும் என்பது விதி. ஐந்து வயது மகள் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க பாலம் கட்டுறவர்தானே? ஃபினிஷிங்கைப் பார்த்தாலே தெரியுது."

"அது வந்து மிஸ்..." என்று மென்று விழுங்கினார். பக்கத்தில் மனைவி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மிஸ் அடுத்துப் பென்குயினை எடுத்தார். மூக்கு நெற்றியில் கோணலாக முளைத்திருந்தது. ஒரு கால் குட்டை. வயிறெல்லாம் பசை வழிந்து காய்ந்திருந்தது. மிஸ்ஸின் முகம் மலர்ந்தது.

"குழந்தை கைவேலைன்னா இதுதான்! முதல் பரிசே இதுக்குத்தான்!"

இன்ஜினியர் முகத்தில் ஈயாடவில்லை.

"மிஸ், கரடிதான் நான் செஞ்சது" என்றாள் மகள். "கை வலிச்சுதுன்னு பென்குயினை அப்பாகிட்ட குடுத்தேன். திட்டாதீங்க மிஸ், அவரு இப்பத்தான் கத்துக்கிறாரு."

மிஸ் பென்குயினின் குட்டைக் காலையே சற்று நேரம் பார்த்தார்.

"சார், ஆத்துப் பாலம் நீங்க கட்டினதா?"

"ஆமாம் மிஸ்."

"அப்போ நாளையிலேர்ந்து நான் சுத்திப் போயிடறேன்."