ஆறு நிமிடம் பின்னால்

யார் கார்டு எப்போது கதவைத் திறந்தது என்று பதியும் கதவுச் சர்வரின் கடிகாரம் ஆறு நிமிடம் பின்தங்கியிருந்தது.

பொருத்திய அன்று எவனோ தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பக்கத்திலிருந்த, மெஷின்கள் ஓடும் நேரத்தைப் பதியும் மெஷின் சர்வர் நெட்வொர்க்கிலிருந்து ஒழுங்காக நேரம் வாங்கிக்கொண்டிருந்தது. இதற்கு அந்த ஏற்பாட்டை யாரும் செய்யவில்லை.

தீவனத் தொழிற்சாலைக்கு அதைச் சரிசெய்ய வந்த நெட்வொர்க்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இத்தனை நாளா ஒருத்தன் கண்ணுக்குமா படல?"

"வருகை நேரம் தப்பா விழுதுன்னு இப்பத்தான் சார் புகார் வந்துச்சு" என்றாள் அறையைத் திறந்துவிட்டவள்.

கலவை மெஷினில் சிக்கிச் செத்த கிளீனரின் மனைவி. செத்த மாதமே கம்பெனி அவளுக்கு வேலையும் குவார்ட்டர்ஸும் கொடுத்திருந்தது.

அந்த விபத்து அவருக்கும் தெரியும். உள்ளே ஆள் இருப்பதைப் பார்க்காமல் ஆபரேட்டர் சுவிட்ச் போட்டுவிட்டான் என்று கேஸ். ரெக்கார்டும் அதைத்தான் சொன்னது. கிளீனரின் கார்டு கலவை அறைக் கதவைத் திறந்து நாலு நிமிடம் கழித்துத்தான் மெஷின் ஓடியிருக்கிறது. நாளைக்குக் கடைசி விசாரணை. அப்புறம் ஆபரேட்டருக்கு ஜெயில்.

சட்டென்று அவர் கை நின்றது. விபத்து நடந்த நாளின் பேக்கப்பைத் திறந்து பார்த்தார். அன்றைக்கும் அதே ஆறு நிமிடம்.

"அடப்பாவி! கதவு திறக்கறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாலயே மெஷின் ஓட ஆரம்பிச்சிருக்கு. ஓடற மெஷின்கிட்ட இவனே போயிருக்கான்..."

அவள் நிற்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

"நேரத்தைச் சரி பண்ணினா பழைய ரெக்கார்டும் மாறிடுமா சார்?"

"மாறாதும்மா. இனிமே விழறதுதான் சரியா விழும். பழசைச் சரி பண்ணணும்னா யாராவது வாயைத் திறக்கணும்."

"நீங்க திறப்பீங்களா?"

தப்பு கிளீனருடையது என்றால் வேலையும் கிடையாது, குவார்ட்டர்ஸும் கிடையாது. ரெண்டு பிள்ளைகள் வேறு. பயந்துவிட்டாள் என்று நினைத்தார். பாவமாக இருந்தது. கொஞ்சம் கசப்பாகவும் இருந்தது. ஒருத்தன் ஜெயிலுக்குப் போகிறான், இவள் வீட்டைப் பற்றிக் கவலைப்படுகிறாள்.

கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தார்.

கேட்டுக்கு எதிரே ஆபரேட்டர் குந்தியிருந்தான். உள்ளே விட மாட்டார்கள். போவதற்கும் வேறு இடம் இல்லை. போகிறவன் வருகிறவனெல்லாம் 'கொலைகாரன்' என்று காதுபடவே சொல்லிவிட்டுப் போனான்.

நெட்வொர்க்காரர் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

அவன் உடைந்து அழுதான்.

"உள்ளே எட்டிப் பாத்துட்டுதான் சார் சுவிட்ச் போட்டேன். ஈ காக்கா இல்ல. ஆனா ரெக்கார்டு அப்படிச் சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நான் கொல்லல இல்ல?"

"இல்லடா."

"அது போதும் சார். இதோட விட்டுடுங்க."

"பைத்தியமா உனக்கு? ஜெயில்டா!"

"எனக்கு யாரு சார் இருக்கா? அங்கயாவது வேளைக்குச் சோறு கிடைக்கும். அந்த அக்கா பிள்ளைங்களை இழுத்துக்கிட்டு எங்க போகும்? சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

விடவே மாட்டேன் என்றான். அவரும் பண்ணித் தொலைத்தார்.

மறுநாள் விசாரணை அதிகாரி நெட்வொர்க்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார். "நேத்து கதவுச் சர்வரைப் பாத்தீங்களாமே. கேஸுக்குச் சம்பந்தமா கோளாறு ஏதாவது உண்டா?"

அவர் ஆபரேட்டரைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்படி ஒண்ணும் இல்லைங்க."

"பொய் சொல்றார் சார்!"

மூலையிலிருந்து கிளீனரின் மனைவி எழுந்து வந்தாள்.

"கடிகாரம் ஆறு நிமிஷம் பின்னால ஓடுச்சு. நான் பக்கத்துலயே நின்னேன். மெஷின் ஓடின பிறகுதான் எம்புருஷன் உள்ள போயிருக்கார். பழைய பேக்கப்ல இருக்கு, பாத்துக்குங்க."

கம்பெனி மேனேஜர் இருமினார்.

"என்ன பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியாம்மா? நாளைக்கே வீட்டைக் காலி பண்ணணும்."

"தெரியும் சார். அவர் அவசரக்காரர். வீட்டுலயே ஃபேன் ஓடும்போது துணியை விட்டுத் துடைப்பார். எத்தனை தடவை கத்தியிருக்கேன்!" அவள் குரல் இறங்கியது. "இந்தத் தம்பியை உள்ள தள்ளிட்டு அந்த வீட்டுல எனக்குத் தூக்கம் வராது."

ஆபரேட்டர் முகத்தை மூடிக்கொண்டான்.

அதிகாரி அந்த பேக்கப்பைப் போட்டுப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். அப்புறம் பேனாவை எடுத்தார்.

"இந்தத் தப்பைச் சரி பண்ணினது யாரு? எழுதணும்."

மேனேஜர் நெட்வொர்க்காரரைக் கை காட்டினார்.

"நான் இல்லைங்க" என்றார் அவர், தலை நிமிராமல். "செத்தவரோட சம்சாரம்னு எழுதிக்குங்க."