நாடாளுமன்றத்தை மிதிக்காத பல்லி

"அஞ்சு மணிக்கு மேல பார்லிமென்ட் இருக்கக் கூடாது. ஒரே மிதி. தூள் தூளாகணும்," என்றார் டைரக்டர், தாழ்ந்த குரலில்.

எதிரே நின்றவர் பணிவாகத் தலையாட்டினார். கூடவே அவருடைய பத்தடி வாலும் ஆடியது.

பழைய மெத்தைப் பஞ்சையும் மழைக்கோட்டையும் சேர்த்துத் தைத்த ராட்சதப் பல்லியின் வால் அது. பதினோரு வருஷமாக ஏதாவதொரு மிருகத்துக்குள் புகுந்தே நடித்தவர் அவர். இந்தப் படத்தில் பல்லி என்பதால் எல்லோருக்கும் பல்லி அண்ணன். சொந்த முகம் இதுவரை ஒரு படத்திலும் வந்ததில்லை.

நாடாளுமன்றம் வாடகைக் கிடங்கின் நடுவில் கம்பீரமாக நின்றது. சாப்பாட்டு மேசை அளவு. கேமராவுக்குத் தெரியும் முன்பக்கத்துக்கு மட்டும் வர்ணம். பின்பக்கம் வெறும் அட்டை, திறந்தே கிடந்தது.

"நல்லா ஞாபகம் வச்சுக்குங்க. நீங்க பல்லி இல்ல, மக்களோட கோபம். மிதிச்சு முடிச்சதும் தலையைக் கழட்டுறீங்க. உள்ள ஒரு சாதாரண மனுஷன் மூஞ்சி. குளோசப்! அதான் நம்ம மெசேஜ்."

"என் மூஞ்சியே வருமா சார்? நிச்சயமா?"

"நிச்சயமா."

இதைப் பல்லி அண்ணன் மகளிடம் நாலு தடவை சொல்லியிருந்தார். அவள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியிருந்தாள்.

படத்தில் பல்லி வருவது ஒன்பது நிமிடம். மீதி ஒன்றே முக்கால் மணி நேரம், நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பல்லி எதன் குறியீடு என்று பேசுவார்கள். பேச்சுக்குச் செலவில்லை.

"நேத்து ஹீரோ அழற சீன்ல பூனை ஒண்ணு கத்துச்சே, அதை விரட்டியாச்சா?" என்றார் டைரக்டர். "இன்னொரு தடவை உள்ள பாத்தேன், சாக்குல கட்டித் தூக்கிப் போட்டுடுவேன்."

"விரட்டியாச்சு சார். ஆனா ஹீரோவை விட அதுதான் நல்லா அழுதுச்சு," என்றார் கேமராமேன்.

பல்லித் தலையின் கண்கள் இரண்டும் பல்புகள். வெளியே பார்க்க வேண்டுமென்றால் வாய் வழியாகத்தான் பார்க்க முடியும். "கடவுளே, யாருக்கும் அடிபடாம பாத்துக்க," என்று வழக்கம்போல் முணுமுணுத்துவிட்டுப் பல்லி அண்ணன் அதை மாட்டிக்கொண்டார்.

"ஆக்‌ஷன்!"

புகை எழுந்தது. வாலைக் கயிறு இழுத்தது. கட்டடத்தின் பின்னாலிருந்து மக்களின் கோபம் உறுமிக்கொண்டு வந்து வலது காலைத் தூக்கியது.

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. பல்லி மெல்லக் குனிந்தது. பிறகு காலைத் தள்ளி வைத்து, கட்டடத்தைப் பதமாகச் சுற்றிக்கொண்டு, கேமராவைத் தாண்டி வெளியே போய்விட்டது.

"கட்! கட்! என்னங்க இது?"

"முடியல சார்," என்றது பல்லியின் வாய்.

"பதினோரு வருஷமா மிதிச்ச காலுக்கு இன்னிக்கு என்ன வந்துச்சு? ஒன் மோர்!"

"புகை தீந்துபோச்சு சார்," என்றார் கேமராமேன். "புகை இல்லேன்னா வால்ல கட்டின கயிறு தெரியும்."

டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இனி உங்க மூஞ்சியும் வேணாம், குளோசப்பும் வேணாம். கிளம்புங்க!"

பல்லி அண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒன்று மட்டும் கேட்டார். "இந்தப் பார்லிமென்ட்டை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுங்களா?"

"எடுத்துத் தொலைங்க. யாருக்கு வேணும்?"

உதவிக்கு வந்தவர்களை விடவில்லை. தளும்பும் குடத்தைத் தூக்குவதுபோல் தானே தூக்கிப் போனார்.

மூன்று மாதம் கழித்துப் பத்திரிகையாளர் காட்சி. பல்லி அண்ணன் தன் மனைவி, மகளுடன் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"உங்க மூஞ்சி எப்பப்பா வரும்?"

"பாரு, பாரு," என்றார். இல்லை என்று சொல்ல இன்னும் மனசு வரவில்லை.

நகரம் நொறுங்கப்போகிறது என்று காத்திருந்தவர்கள் ஒன்றே முக்கால் மணி நேரம் கொட்டாவி விட்டார்கள். கடைசியில் பல்லி வந்தது, காலைத் தூக்கியது, குனிந்தது, போய்விட்டது. மகள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

விளக்கு எரிந்தது. டைரக்டர் பின்வாசலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தபோது, சிரித்தே பழக்கமில்லாத மூத்த விமர்சகர் எழுந்து கைதட்டினார்.

"அவ்வளவு பலம் இருந்தும், தூக்கின காலைக் கீழ வச்சு, ஜனநாயகத்துக்கு முன்னால தலை குனியுது பாருங்க! இந்த மாதிரி ஒரு அரசியல் காட்சியை நான் பாத்ததே இல்ல."

அரங்கம் அதிர்ந்தது. டைரக்டர் அதே வேகத்தில் மேடைக்குத் திரும்பினார்.

"இந்த ஒரு ஷாட்டுக்காக ஆறு மாசம் தூங்கலைங்க," என்றார் தழுதழுத்து. மக்களின் கோபம் அரை நிமிடத்தில் மக்களின் பொறுமையாகிவிட்டது.

"பல்லிக்குள்ள இருந்தவர் வந்திருக்காரா? அவர் முகத்தைப் பாக்கணும்," என்றார் விமர்சகர்.

பல்லி அண்ணன் கூச்சத்துடன் மேடையேறினார். எல்லாக் கேமராக்களும் ஒரே நேரத்தில் அவர் முகத்தில் மின்னின.

"அம்மா, அப்பா மூஞ்சி!" மகள் நாற்காலிமேல் ஏறி நின்றாள்.

விமர்சகர் மைக்கை நீட்டினார். "குனிஞ்சு பாத்தீங்களே, அந்த நிமிஷம் பார்லிமென்ட்டுக்குள்ள யாரைப் பாத்தீங்க? ஏழைங்களையா? வருங்காலத் தலைமுறையையா?"

பக்கத்திலிருந்து டைரக்டர் கண்ணாலேயே கெஞ்சினார். பல்லி அண்ணனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"நாலு பூனைக்குட்டிங்க சார். கண்ணுகூடத் திறக்கல."